அம்மை போட்டது எனக்கா, தம்பிக்கா?

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயில் கொளுத்திய சமயம். அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் தங்கி, முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கணவருக்குப் புனேயில் வேலை.

என் பக்கத்து அறையில் முதலாண்டு எம்.எஸ்ஸி. படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். தருமபுரிப் பக்கம் ஊர். எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று என்னிடம்தான் வருவாள். ஒரு மாலை காய்ச்சல் என்று சுருண்டு வந்தவளை மடியில் படுக்கவைத்து, நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலை பல் தேய்க்கும் இடத்தில் அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். கன்னத்திலும் கழுத்திலும் நீர் கோத்த கொப்புளங்கள். அம்மை.

நகர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு முறை உண்டாகி, ஊருக்கெல்லாம் சொல்லி, இனிப்பும் கொடுத்த பிறகு கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "சின்ன வயசுல அம்மை வந்திருந்தா பயமில்ல. வரலைன்னா உடனே ஊசி போடணும். முதல்ல தெரிஞ்சுக்கங்க" என்றார். அம்மாவைக் கூப்பிட்டு, எதுவும் தெரியாத குரலில் விசாரித்தேன்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் போட்டுச்சு. வேப்பிலை பறிச்சுப் போட்டதெல்லாம் ஞாபகம் இருக்கு. உனக்கா, தம்பிக்கான்னுதான் நெனவுல நிக்கலையேடி" என்றார் அம்மா. வேறு பேச்சு பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அதற்குள் விடுதியே அமளிப்பட்டது. மாடியில் இன்னும் இருவருக்குக் கொப்புளம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர்களை வார்டன் வாசலிலேயே நிறுத்தினார். ஊரில் இருக்கும் குழந்தைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்களா என்று சத்தம் போட்டார். அம்மை வந்த மூவரையும் கீழ்த்தளக் கடைசி அறைகளில் தனித்தனியாக வைத்தார். ஏற்கெனவே அம்மை கண்டவர்கள் மட்டும் சாப்பாடு கொண்டுபோகலாம் என்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான்தானே அவளுக்கு அக்கா?

நான் நேராக வார்டன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். மயிலாப்பூர்க்காரர், கண்டிப்பானவர். என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"அழறத நிறுத்து. யார்கிட்டயும் சொல்லிண்டு இருக்க வேண்டாம், கேக்கறவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். செருப்பைப் போட்டுண்டு கிளம்பு" என்று தன் ஸ்கூட்டரிலேயே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். ரிப்போர்ட் வர இரண்டு நாளாகும் என்றார்கள். அதுவரை எனக்கு அடுத்த கட்டடத்தில் விருந்தினர் அறையை ஒதுக்கினார்.

நான் ஏன் சாப்பாடு கொண்டுபோகவில்லை என்று கேட்டவர்களிடம் "அது என் முடிவு" என்று மட்டும் சொன்னார் போலிருக்கிறது. அதுவே வினையானது. என் ஜன்னலுக்குக் கீழே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனது காதில் விழுந்தது. "மடியில போட்டு தைலம் தேச்ச அக்காவப் பாத்தியா? கொப்புளத்தப் பாத்ததும் எஸ்கேப்." கீழே இறங்கி ஓடி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் சொன்னால், போன முறை மாதிரியே ஆகிவிடுமோ என்று ஒரு பயம். வயிற்றில் கை வைத்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவளே போன் செய்தாள். காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது. "என்னைப் பாத்து அருவருப்பா இருக்காக்கா?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் விசும்பல். "ஐயோ, உங்க மடியில வந்து படுத்தேனேக்கா!" அவளைச் சமாதானப்படுத்த நான் பட்ட பாடு! யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, அம்மை எனக்குத்தான் போட்டிருக்கிறது என்றார் டாக்டர். படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.

அன்று மாலையே இளநீர் வாங்கிக்கொண்டு அவள் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"டாக்டர் சரின்னு சொல்லிட்டாங்கம்மா, திற."

"சொல்லட்டும்க்கா. நான் திறக்க மாட்டேன். வாசல்ல வச்சுட்டுப் போங்க."

எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. வராந்தாவில் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே அவளும் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் அவ்வளவு அருகில் கேட்டது. அரிப்பு பற்றி, தள்ளிப்போன தேர்வு பற்றி, விடுதி ரசம் பற்றி எல்லாம் பேசினோம். சாப்பாடு கொண்டுவந்த பெண்தான் பிறகு என்னைத் தனியே அழைத்து, "ரெண்டு நாளா உங்களத் திட்டிக்கினே இருந்தோம்க்கா. அவ மட்டும், 'அக்காவப் பத்தி ஒண்ணும் பேசாதீங்க'ன்னு எங்க மேல பாஞ்சா. ஏன்னு கேட்டா சொல்லல" என்றாள். நானும் சொல்லவில்லை.

மகள் பிறந்தபோது, விடுதியிலிருந்து முதலில் வந்து பார்த்தது அவள்தான். கைகளை மூன்று முறை கழுவிய பிறகே குழந்தையைத் தொட்டாள்.

அவளைப் போல ஒருத்தருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வருமா, தெரியாது. ஆனால் யாராவது காரணம் சொல்லாமல் ஒதுங்கிப் போனால், இப்போதெல்லாம் சட்டென்று கோபப்பட மனம் வருவதில்லை. அவர்கள் எதைப் பொத்திக் காக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்?