ஜெயராணி அக்காவின் போர்வைக்குள் இருந்தது

ஜெயராணி அக்கா போய்விட்டார்.

காலையில் தையல் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ். நான் நம்பவில்லை. அவருடைய மருமகளுக்கு போன் போட்டு இரண்டு தடவை கேட்டேன். "நெசந்தான் அக்கா..." என்று அழுதாள். என் புத்தி அப்படி. எதையும் லேசில் நம்பாது.

அம்பிட்டியவில் ஒரு வீட்டு ஹாலில் சனிக்கிழமைகளில் நடந்த குயில்ட் கிளாஸில்தான் அக்காவைப் பழக்கம். துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, போர்வை தைப்போம். எங்களுக்கு அது பொழுதுபோக்கு. அக்காவுக்கு அதுதான் பிழைப்பு.

எங்களிடம் கண்டி டவுனில் வாங்கிய கட்டர், கிளிப், மார்க்கர் பேனா... அக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு வருவார். கோடு போடத் தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டு. துணியைப் பிடித்து வைக்க உடுப்புக் காயப்போடும் கிளிப். வட்டம் வெட்ட சோற்றுத் தட்டு.

அச்சு வெட்ட பழைய எக்ஸ்ரே ஃபிலிம்! வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய இடுப்பு எலும்பு.

"இத எங்கருந்து எடுத்தீங்க?" என்று பொலிஸ்காரி மாதிரி கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு இடுப்பு தங்கச்சி. அந்த மனுசன் எனக்கு ஒத்தாசையா இருந்தது இது ஒண்ணுலதான்."

கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் ஃபிலிம் ஓரத்தில் வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா என்று தேடினேன்.

பஞ்சு விரிப்பு விலை கூட. அக்கா அதை வாங்கவே மாட்டார். பழைய காட்டன் சேலைகளைத் துவைத்து, இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே வைத்துத் தைப்பார். தொட்டால் அவ்வளவு மெத்து. ஆனால் அத்தனை சேலை எங்கிருந்து? கேட்டால், "நாலு எடத்துல குடுக்குறாங்க" என்பார். அது எந்த நாலு இடம்...?

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டிய ஒரு வீட்டிலிருந்து அக்கா பெரிய பையோடு இறங்கி வருகிறார். இறந்தவரின் துணிமணியை வீட்டில் வைத்திருக்காமல் கொடுத்துவிடுவார்கள் இல்லையா... எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சாவு வீட்டுச் சேலையத்தான் உள்ள வச்சுத் தைக்கிறாங்க போல" என்று கிளாஸில் இரண்டு பேரிடம் மெதுவாகச் சொன்னேன். போதாதா? அக்காவிடம் சொல்லிவைத்திருந்த தொட்டில் போர்வை ஓர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. யாரும் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு என் மகள் பிறந்தாள். அக்கா பஸ் ஏறி கடுகண்ணாவைக்கு, எங்கள் வீடு வரைக்கும் வந்தார். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சின்னப் போர்வை. வாய் நிறையச் சிரித்து வாங்கினேன். அவர் படி இறங்கியதும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பிள்ளையை அதில் படுக்கவைக்க மனம் வரவில்லை.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் பிளேடால் ஒரு மூலையைப் பிரித்தேன்.

உள்ளே சேலை இல்லை. புத்தம்புதுப் பஞ்சு விரிப்பு. நாங்கள் கடையில் வாங்கும் அதே சாமான்.

வெட்கப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கிளாஸில் விட்டுவைத்திருந்த என் பஞ்சு விரிப்பு ரோலிலிருந்து வெட்டி எடுத்திருப்பாரோ என்று தோன்றியது. கணவரை அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லி அளந்து பார்த்தேன். ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

மூலையை அவசர அவசரமாகத் தைத்து வைத்தேன். அடுத்த முறை பிள்ளையைப் பார்க்க வந்தவர், போர்வையைக் கேட்டு வாங்கித் தடவினார். விரல் அந்த மூலையில் நின்றது. என் தையல் லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன.

"பிரிச்சுப் பாத்தியா தங்கச்சி?"

நான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நீ பாப்பன்னு தெரியும். அதான் கடையில வாங்கிப் போட்டேன். இனி புள்ளைய படுக்க வை."

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் சுடுகிறது. கதை கட்டியது யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம்... பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

கிளாஸில் இருந்தவர்கள் பலர் இதைப் பார்ப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அந்தப் பையை நான் திறந்து பார்க்கவில்லை. அதில் சேலை இருந்ததா, அந்த வீட்டில் சமைத்துக் கொடுத்துவிட்டுச் சட்டி பானையோடு வந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டது வெள்ளைக் கொடியும் ஒரு பையும்தான். மிச்சம் முழுக்க நான் கட்டிய கதை.

நாளைக்கு அம்பிட்டியவில் அடக்கம். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா... அதைச் சொன்னது நான்தான். போயிட்டு வாங்க.