இடது காலின் மைத்தடம்

கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடை வைத்துக் குனிந்தே பிழைத்தவன் நான். முகம் மறந்துபோகும், கால் மறக்காது. ஒருநாள் ஒரு ஆராய்ச்சிக்காரர் கடைக்குள் வந்து, "உங்க கடைப்பக்கமே வராத ஜனம் எது?" என்று கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வியாபாரியிடம் கேட்கிற கேள்வியா அது? "கல்வராயன் மலைக்காரங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ரப்பர் செருப்பு எல்லா வீட்டுக்கும் வந்துவிடாத வருடங்கள் அவை. பிறந்ததிலிருந்து செருப்பே போடாத கால் எப்படி விரிகிறது, அதன் விரல்கள் என்னென்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. என் அத்தா மலையில் கடுக்காய் வாங்கி விற்றவர் என்பதால் அங்கே நாலு வீடு எனக்குப் பழக்கம். என்னையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

அவர் செய்ததையெல்லாம் பார்த்தால் சிரிப்பு வரும். புளியங்கொட்டைகளைத் தரையில் இறைத்து, கால்விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்வார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே எத்தனை தீக்குச்சி நிற்கிறது என்று எண்ணுவார். ஒரு கிழவரின் உள்ளங்காலை மோந்துகூடப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் இடது காலில் முத்திரை மையைத் தடவிக் காகிதத்தில் மிதிக்க வைப்பார்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊரில், முப்பது வயதிருக்கும் ஒரு பெண், எங்களோடு பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே, அத்தனை கொட்டையையும் பொறுக்கிப் போட்டுவிட்டாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் காகிதத்தில் மட்டும் அவள் கால் வைக்க மாட்டேன் என்றாள். ஈரமண்ணில் நடந்தால்கூட, விழுந்த தடத்தை அடுத்த காலால் அழித்துவிட்டுப் போகிறவள். யாராவது எடுத்துச் சூனியம் வைத்துவிடுவார்கள் என்று பயம்.

"காலடி மண்ண எடுத்தாலே ஆளு படுத்துருவாங்க. நீங்க காலையே இல்ல கேக்குறீங்க?" என்றாள்.

"ஒரே மாசம். நானே கொண்டாந்து உன் கையில தரேம்மா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். மழை வருவதற்குள் மலையிறங்க வேண்டும் என்பதுதான் என் அவசரம். அவள் என்னை நம்பிக் காலை வைத்தாள்.

ஆராய்ச்சிக்காரர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். மிஞ்சிய வெள்ளைத் தாள்களும் மை டப்பியும் என் கடையிலேயே கிடந்தன. மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் இடது காலை இழுத்துக்கொண்டு புருஷனோடு கடைவாசலில் வந்து நின்றாள். "காலு மரத்துக்கினே போவுது பாய். என் காகிதத்த குடுங்க." ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் கேட்கவில்லையாம். ஆராய்ச்சிக்காரருக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன், அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று அதுவே திரும்பி வந்தது.

அடுத்த முறை புருஷன் மட்டும் வந்தான். "எழுந்திரிக்க மாட்டேங்குறா பாய். சோறு எறங்கல. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

அன்று சாயங்காலம் என் மனைவியை உட்கார வைத்தேன். அவள் திருநாவலூர்ப் பக்கம் வயல்காட்டில் வெறுங்காலோடு வளர்ந்தவள். அவளுக்கும் அகலமான கால், பிரிந்த கட்டைவிரல். கடைக்கு அளவு எடுக்கிறேன் என்று சொல்லி அவள் இடது காலில் மை தடவினேன். "ஏங்க, கூசுது" என்று சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது தாளில் அச்சு நன்றாக விழுந்தது.

மறுநாள் மலையேறி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாயில் கிடந்தவள் காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பாய், என்னுதுதானே?"

"உன்னுதுதாம்மா."

புருஷன் அதை உப்போடு சேர்த்துக் கொளுத்தினான். குதிகால்தான் கடைசியாக எரிந்தது. சாம்பலை ஓடையில் கரைத்தார்கள். அவள் அன்றைக்கே கஞ்சி கேட்டுக் குடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

தை மாதம் அவள் நடந்தே கடைக்கு வந்தாள், ஒரு பை சாமையோடு. என் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு நின்றபோது என் கண் அந்த இரண்டு இடது கால்களுக்கும் போனது. உப்போடு எரிந்தது என் மனைவியின் தடம். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன்தான் நான். அன்றிலிருந்து என் மனைவி நடந்தால் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும், இடது, வலது, இடது என்று. ராத்திரி அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் எண்ணுவேன்.

பல வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. சின்னசேலத்தில் ரயிலேறிச் சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் இழையால் இடது உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார். தெரிந்தால் சொல்ல வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை. டாக்டர் இழையைக் கீழே வைத்த பிறகு, கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிங்க டாக்டர்" என்றாள்.

சர்க்கரைக்கு இப்படி ஆவதுதான் என்று டாக்டர் விளக்கினார். நானும் தலையாட்டினேன். தனிச் செருப்பு செய்ய அளவு வேண்டும் என்று, அந்தக் காலில் மை தடவி ஒரு காகிதத்தில் மிதிக்க வைத்தார்கள். இந்த முறை அவளுக்குக் கூசவில்லை.

"முந்தி ஒருவாட்டி நீங்ககூட எடுத்தீங்களே" என்றாள் வெளியே வந்ததும். "அந்தக் காகிதம் எங்க?"

"கடையிலதான் எங்கியோ கெடக்கும்" என்றேன்.

"தேடி எடுத்து வைங்க" என்றாள். "நல்லா இருந்த காலு அது."

இன்றைக்கும் கேட்கிறாள். தேடிக்கினு இருக்கேன் என்றுதான் சொல்லிவருகிறேன்.