அலை கடலிலிருந்து வந்தது

மலைக் கிராமமான பூண்டியில் வெள்ளைப்பூண்டு விவசாயம் செய்கிறவள் நான். சீனாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, அவன் என்னையும் மருமகளையும் அங்கே ஆற்றங்கரையிலுள்ள பழைய அடுக்குக் கோபுரத்துக்கு அழைத்துப் போனான். கடல் அலை ஆற்றுக்குள் ஏறி வருவதை அங்கே நின்று பார்ப்பார்களாம்.

புது ஆற்றைக் கண்டால் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளிப்பது எங்கள் வழக்கம். தடுப்பைத் தாண்டிப் படியிறங்கினேன்.

"ஏறுங்கத்த, தண்ணி வர்ற நேரம்!" என்று மருமகள் கத்தினாள்.

"மலையில பொறந்தவளுக்கு வெள்ளம் தெரியாதாக்கும்? மேல ஒண்ணையும் காணோம், சும்மா கெட!" என்றேன்.

எங்கள் மலையில் வெள்ளம் மேலிருந்துதான் வரும். நான் ஆற்றின் மேற்பக்கத்தையே பார்த்து நிற்க, இங்கே அலை கடல் பக்கமிருந்து என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. மருமகள் ஓடிவந்து என்னை மேலே தள்ளினாள். படியில் மோதி அவள் கை முறிந்தது.

இப்போது புது ஊரில் அங்குள்ளவர்களைக் கேட்காமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அவளுக்கு அந்தக் கை இன்னும் நேராக நீளவில்லை. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.