ஆறிய பிறகு உப்பு

அந்தப் பசைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த லாரி டிரைவர்கூட, சரக்கு ஏற்ற வந்தால் "அண்ணி, ஒரு கையெழுத்து" என்று வாசலில் நிற்பார். பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு ஒரே ஓர் அக்கா உண்டு, அவளும் வெளியூரில். கணவருக்கு அவள் "இங்க பாரு". நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

தொழிற்சாலை தொடங்குவதற்கு முன்னால் கணவர் ஓர் அச்சகத்துக்காக லேபிள் விற்றுக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்கு லேபிள்காரர் என்று பெயர். பழச்சாறு கம்பெனிகளில் காலி பாட்டில்கள் திரும்பி வரும், கழுவி மறுபடி நிரப்புவார்கள். ஆனால் பழைய லேபிள் லேசில் உரியாது. காஸ்டிக் சோடாத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் ஊறப்போட்டுச் சுரண்டுவார்கள், கழுவுகிறவர்களின் கைத்தோல் உரிந்துபோகும். இந்தப் புகாரை அவர் தினமும் சாயங்காலம், மற்றவர்கள் காய்கறி வாங்கிவருவதுபோல, வீட்டுக்குக் கொண்டுவருவார். குளிர்பெட்டியின் ஈரத்தில் உரியக்கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் தானாகக் கழன்றுவர வேண்டும், அப்படி ஒரு பசை செய்தால் நாம் எங்கேயோ போய்விடலாம் என்பார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அன்றிலிருந்து சமையலறை பசைக்கூடம் ஆனது.

அண்ணி அப்போது ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகள் சோதனை முடித்துப் போன பிறகு கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, குப்பிகளை நிரப்புவது. அந்த இடத்தில் பல வருடம் நின்றதில் ஒரு பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்று சரியாக வரவில்லை என்றால் ஒரு விஷயத்தை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. அவள் கணவர் நேர்மாறு. மாவு, தண்ணீர், சூடு, உப்பு நாலையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எது கெடுத்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை, மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் ஒரு வெள்ளைத் தூள். பசை செய்கிறவர்கள் எல்லாரும் மாவு கொதிக்கும்போது அதைப் போடுவார்கள். அவரும் அப்படித்தான் போட்டார், பசை கல்லாக இறுகியது.

"உப்ப ஆறினப்புறம் போட்டுப் பாக்கலாமே" என்றாள் அண்ணி.

"அதனால என்ன ஆகிடப்போகுது?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் அவளுக்கு விடுமுறை. மாவைக் காய்ச்சி, கை பொறுக்கும்வரை ஆறவிட்டு, உப்பைக் கலந்தாள். பாட்டில்களில் லேபிள் ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தாள். மறுநாள் மத்தியானம் எடுத்துப் பார்த்தால் லேபிள் அசையவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் நிறைத்த தொட்டியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே மிதந்தன. அவள் கூச்சல் போடவில்லை. நம்பிக்கை வராமல் மீதி பாட்டில்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப்பார்த்தாள்.

சாயங்காலம் வந்தவர் சட்டைக்கையைக்கூட மடக்காமல் முழங்கைவரை தொட்டிக்குள் கையை விட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஈர லேபிள் ஒன்றை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினார். "நீதான்டி கண்டுபிடிச்ச. நான் ரெண்டு வருஷமா சட்டிய சுரண்டுனேன், நீ ஒரே நாள்ல முடிச்சுட்ட" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அண்ணி அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஓட்டினாள்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போன அன்று அவளுக்குப் பள்ளியில் லீவு கிடைக்கவில்லை. அவர் தனியாகப் போனார். வக்கீலம்மா கெட்டிக்காரர். எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் கொட்டிவிடக்கூடாது, எழுதியது நாளைக்கு ஊருக்கே தெரிந்துவிடும், எதை எழுதிக் காப்பது, எதை வாயைத் திறக்காமல் காப்பது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாராம். பசையின் பெயரைத் தனியாகப் பதிவு செய்யச் சொன்னாராம். மாவும் உப்பும் ஏற்கெனவே எல்லாரும் அறிந்த சரக்கு, அதற்கு உரிமை கேட்க முடியாது, உப்பை ஆறிய பிறகு கலக்கிற அந்த வரிசை ஒன்றுதான் புதிது, காப்புரிமை முழுக்க அந்த ஒற்றை வரியில்தான் நிற்கிறது என்றாராம். கணவர் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஆசையாகச் சொன்னார். கடைசியில், "கண்டுபிடிச்சவர்னு என் பேரே போட்டுட்டேன். ரெண்டு பேர்னா ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீயும் லீவு போட்டுட்டு அலையணும்" என்றார்.

"அதுக்கென்ன" என்றாள் அண்ணி. உண்மையிலேயே அப்போது அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கப் போனாள்.

தொழில் வளர்ந்தது. சமையலறையிலிருந்து வாடகைக் கொட்டகைக்குப் போனது, கொட்டகையிலிருந்து சொந்தக் கட்டடத்துக்கு. அண்ணி பள்ளிவேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கலவையையும் சோதிக்கும் அறையில் உட்கார்ந்தாள். அந்தப் பசையை நம்பி நாற்பது குடும்பம் அடுப்பு மூட்டியது.

கூடவே கதையும் வளர்ந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால் கணவருக்கு உற்சாகம் தாங்காது. ஆரம்பத்தில், "நான் மாட்டேன்னேன், இவதான் பிடிவாதமா போட்டுப் பாத்தா" என்று அவளைக் காட்டிச் சொல்வார். சில வருடத்தில் அது "எங்க வீட்டு சமையலறையில ஒருநாள் போட்டுப் பாத்தோம்" ஆனது. அப்புறம் 'தோம்' போய் 'தேன்' வந்தது. கடைசியில் குளிக்கும்போது பளிச்சென்று தோன்றியதாம், ஈரத்துண்டோடு அடுப்படிக்கு ஓடினாராம். அந்தத் துண்டு எந்த வருடம் கதைக்குள் வந்தது என்று அண்ணிக்கே நினைவில்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் காபி டம்ளர்களை எடுத்தபடி சிரிப்பாள். வியாபாரத்துக்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது, சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்தாள். எனக்குத்தான் அந்த ஈரத்துண்டை நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்காவுக்கும் அப்படித்தான். "உன் பேரு எங்கடி? இப்படியே இளிச்சுக்கிட்டு இரு" என்று தொலைபேசியில் திட்டுவாள்.

"பேர வெச்சு என்னக்கா பண்றது? யாரு பண்ணதுன்னு அவருக்குத் தெரியும். அவர் மனசுல இருக்கு. எனக்கு அது போதும்."

நிஜமாகவே அவளுக்கு அது போதுமாக இருந்தது. உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம், அதில் ஒருவர் தன் புருஷன். சில பெண்களுக்கு நகைப்பெட்டி எப்படியோ, அவளுக்கு அது அப்படி.

பிறகு ஒரு பெரிய கம்பெனி அதே பசையை வேறு டப்பாவில் போட்டு விற்க ஆரம்பித்தது. விலை பாதி. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். வழக்குப் போடுவதென்று இருவரும் வக்கீலம்மாவின் அறைக்குப் போனார்கள். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், வழக்குப் போட்டா அவங்க சும்மா இருக்கமாட்டாங்க. பேட்டன்டையே உடைக்கப் பாப்பாங்க. அதனால இப்பவே கேக்கறேன். இந்த யோசனையில வேற யாருக்காவது பங்கு இருந்தா சொல்லிடுங்க. விட்டுப்போச்சுன்னு சொல்லி இப்ப பேரச் சேத்துக்கலாம். வழக்கு நடக்கும்போது வெளிய வந்தா, மறைச்சு வாங்கினதுன்னு மொத்தத்தையும் ரத்து பண்ணச் சொல்லுவாங்க."

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் இத்தனை வருடம் இதை விரும்பவில்லை என்று சொன்னதெல்லாம் பொய் என்று அந்த நிமிடம் அவளுக்கே தெரிந்துபோனது. அவர் சொல்லட்டும், இதோ சொல்லிவிடுவார் என்று அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் சிரித்தார். "வேற யாருங்க? வீட்டுல இருந்தது நாங்க ரெண்டு பேர். இவ பாத்திரம் கழுவிக் குடுப்பா."

வக்கீலம்மா அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஆமாம் என்று தலையசைத்தாள். சபையில் புருஷனைத் தலைகுனியவைக்க அவளால் முடியவில்லை.

வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பு அண்ணியையே சாட்சிக்குக் கூப்பிட்டது. முன்பு கலவை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவன் சண்டை போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தான். அண்ணிதான் கண்டுபிடித்தாள் என்று முதலாளி வாயாலேயே கேட்டிருக்கிறேன் என்று அவன் எழுதிக்கொடுத்துவிட்டான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. அவன் சேர்ந்தது கதை 'இவதான்' என்று இருந்த காலத்தில்.

"நான் எதையும் சொல்லித்தர மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. "சத்தியம் பண்ணிட்டு உண்மையச் சொல்லணும். உண்மை என்னன்னும் அதோட விளைவு என்னன்னும் உங்களுக்குத் தெரியும்."

சாட்சிக்குப் போவதற்கு முன்னால் இருந்த நாட்களில் அண்ணி ஒன்றுக்காகக் காத்திருந்தாள். கணவர் ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'எனக்காக இத மாத்திச் சொல்லிடு' என்று கேட்பார் என்று. கேட்டால் உடனே சரி என்றிருப்பாள். கேட்பதற்கு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமே, அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். அவர் கேட்கவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டார், வழக்கம்போலச் செய்தி பார்த்தார். கேட்க வெட்கப்படுகிறார், குற்றவுணர்ச்சி வாயைக் கட்டுகிறது என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். அவர்மேல் இரக்கம்கூட வந்தது. கேட்காமலேயே கொடுத்துவிடுவோம், கொடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியாதா என்று முடிவு செய்தாள்.

விசாரணை அறை சிறியது, மின்விசிறி சத்தம் போட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"உப்பை ஆறிய பிறகு சேர்க்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லைங்க."

"நீங்க ஆய்வகத்துல வேலை பாத்தவங்க. சோதனை பண்ணத் தெரிஞ்சவங்க. இல்லையா?"

"குழாய் கழுவி வைப்பேன். அவ்வளவுதான்."

"அப்ப அந்த யோசனை யாருது?"

"அவரோடது."

"முதல் தடவை கலந்தது யாரு?"

"அவருதான்."

"சரிம்மா. அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

சட்டைக்கையோடு தொட்டிக்குள் நீண்ட அந்தக் கை அவள் கண்முன் வந்தது. அவள் கை நடுங்குவதை எல்லாரும் பார்த்தார்கள்.

"பாத்திரம் கழுவினேன்" என்றாள்.

அதை ஒருவர் தட்டச்சு செய்தார். அவளிடம் வாசித்துக்காட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்ததும் வக்கீலம்மா அவள் தோளைத் தொட்டு, "பேட்டன்ட் தப்பிச்சுடும்" என்று மட்டும் சொன்னார். அண்ணியின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணி அவர் பக்கம் திரும்பாமல் காத்திருந்தாள். ஒரு வார்த்தை வேண்டாம், கையை லேசாக அழுத்தினால் போதும். பதினைந்து வருடக் கணக்கும் அதோடு தீர்ந்துவிடும்.

"நல்லாத்தான் பேசின" என்றார் அவர், வண்டியைத் திருப்பியபடி. "ஆனா எதுக்கு அப்படி நடுங்கின? நடந்ததத்தானே சொல்லணும்? பாக்கறவங்க பொய் சொல்றான்னு நினைச்சுக்கப் போறாங்க."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறாரா என்று பார்த்தாள். காருக்குள் வேறு யாரும் இல்லை, அங்கே யாருக்காகவும் நடிக்கத் தேவையில்லை.

"அந்த மிக்சர் மெஷின் ஓட்டினவன் எங்கேருந்துதான் இப்படி ஒரு கதைய ஜோடிச்சானோ" என்றார். "உப்புப் போட்டுச் சோறு போட்டோமே."

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "உப்ப ஆறினப்புறம் போடணும்னு உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?"

"உனக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். குளித்துக்கொண்டிருந்ததிலிருந்து சொன்னார். அவர் குரலில் கள்ளம் இல்லை, மறைக்கிறவரின் தடுமாற்றம் இல்லை. தன் வாழ்க்கையின் நல்ல நாளை நினைத்துப் பார்க்கிற ஒருவரின் சந்தோஷம்தான் இருந்தது. அதில் அவளும் இருந்தாள், கதவோரம், கையில் கழுவின சட்டியோடு. இது எப்போது நடந்தது? எந்த வருடத்தில் அவள் அவர் மனதைவிட்டு இறங்கிப்போனாள்? அவர் திருடவில்லை. திருடியிருந்தால்கூட, திருடியது யாருடையது என்று ஒரு ஓரத்தில் தெரிந்திருக்கும். இவர் மறந்தே போயிருந்தார். சொல்லிப் புரியவைக்கலாம் என்றால், இனி யாரை நம்பச் சொல்வது? சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவள் அவளே.

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழத்தான் முயன்றாள், முடியவில்லை.

"என்னம்மா, என்னாச்சு?" அவர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.

"தலைவலி."

"வெயில்ல நிக்க வெச்சுட்டானுங்க" என்று முணுமுணுத்தபடி அவர் இறங்கி, சாலையைக் கடந்து மருந்துக்கடைக்கு ஓடினார். மாத்திரையும் தண்ணீரும் வாங்கிவந்தார். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விழுங்கி முடிக்கும்வரை, கார் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.