என் வீட்டுக்காரர் வாக்-அவுட் பண்ணிய நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஜெலுத்தோங் மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். போனில் ஒரு மெசேஜ்.

"அக்கா, அண்ணன் இண்டர்வியூல வாக்-அவுட் பண்ணிட்டாரு!"

அனுப்பியது மாலதி. ஜுருவில் என் வீட்டுக்காரர் சேகர் வேலை செய்யும் ஃபேக்டரியில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டாரா? சேகரா? கல்யாணப் பந்தியில் சோறு வரவில்லை என்றால்கூட வாய் திறந்து கேட்காத மனுஷன்!

பதினாறு வருஷமாக அந்த ஃபேக்டரி ஸ்டோரில் இருக்கிறார். சூப்பர்வைசர் வேலைக்கு இரண்டு தடவை மனுப் போட்டார். இரண்டு தடவையும் 'இங்கிலீஷ் போதாது' என்று தள்ளிவிட்டார்கள். வெளியில் சிரித்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு, என் டியூஷன் பிள்ளைகள் ஹாலில் இங்கிலீஷ் பாடம் வாசித்தால், மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

அதனால்தான் இந்தத் தடவை நானே இரண்டு வாரம் கோச்சிங் கொடுத்தேன். கடைசியாக ஒரு ரூல் வேறு... "புரியலன்னா முழிக்காதீங்க. பாஸ் சொன்னத டக்குன்னு செஞ்சிருங்க."

போன் போட்டேன். எடுக்கவில்லை. மீனை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம் அவரே கூப்பிட்டார்.

"என்னங்க நடந்துச்சு?"

"என்னா நடந்துச்சா? நாங்க ரெண்டு பேருந்தான் லா நடந்தோம்!"

விஷயம் இதுதான். கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மிஸ்டர் சேகர், வாக் மீ த்ரூ யுவர் டே" என்றாராம். உங்கள் அன்றாட வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். சேகர் காதில் விழுந்தது 'வாக்' மட்டும். டக்கென்று எழுந்தார். கதவைத் திறந்தார். "கம், பாஸ்!"

வெளியே இருந்த மாலதி பார்த்தது, விறுவிறுவென்று போகும் சேகரையும் பின்னாலேயே ஓடும் மேனேஜரையும். அவள் வேறு என்ன நினைப்பாள், சொல்லுங்கள்?

லாரி நிற்கும் இடம், எடை போடும் இடம் என்று சேகர் ஸ்டோர் முழுக்க அவரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். "லாரி கம், ஐ செக். நாட் ஓகே, ஐ சென்ட் பேக்." மூன்றாவது வரிசையில் பார்த்தால், அவசர வழிக் கதவை மறைத்துப் பெட்டிகள்! இவருக்கு இண்டர்வியூ மறந்தே போய்விட்டது. பக்கத்தில் நின்றவர்களை மலாயில் ஒரு சத்தம் போட்டார். பெட்டிகளைத் தூக்க ஆள் பத்தவில்லை.

"அப்புறம்?"

"பாஸ், யூ ஹோல்ட் திஸ் சைட்னு சொன்னேன்."

"மேனேஜர்கிட்டயா?"

"நல்லாதான் லா தூக்குனாரு."

எனக்குத் தலை சுற்றியது. "கடைசியா என்னங்க சொன்னாரு?"

"சட்டையில தூசியத் தட்டிக்கிட்டு, 'ஐ காட் மை ஆன்சர்'னாரு. நல்லதா, கெட்டதா? நீ சொல்லு."

அந்தக் குரலில் பயம் இருந்தது. "நல்லதுதாங்க" என்றேன். உண்மையில் எனக்கும் தெரியாது.

இந்த 'வாக்' என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். வாக்-இன் இண்டர்வியூவுக்கு எல்லாரும் காடியில், பைக்கில் ஏறித்தான் போகிறார்கள். வாக்-ஓவர் என்றால் எதிராளி வராமலே ஜெயிப்பது, யாருமே நடப்பதில்லை! என் பக்கத்து வீட்டு அக்கா தினமும் நாயை 'வாக்' கூட்டிப்போகிறார். நாய் நடக்கிறது, அக்கா ஓடுகிறார். நாம் மட்டும் ஒழுங்கா? தமிழில் கல்யாணம் நடக்கிறது, கூட்டம் நடக்கிறது, சண்டைகூட நடக்கிறது. எதற்காவது கால் இருக்கிறதா?

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. சேகர் சூப்பர்வைசர்! என் டியூஷன் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கடிதத்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். இரண்டு இடத்தில் தப்பு. நான் திருத்தவில்லை.

அவருக்குத் தெரியாத இங்கிலீஷ் பதவியை ஏற்றியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பிரஷரை ஏற்றியதுதான் மிச்சம்!