ஆடாத பலகை

எங்கள் வீட்டு அலமாரிக்கு வெட்டிய வெனீர் பலகைகள் மூலையில் சேரவில்லை. நகம் நுழையும் இடைவெளி. கார்பென்டர், பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்த தன் மனைவி மேல் எரிந்து விழுந்தார்: "ஒழுங்கா புடிக்க மாட்டியா? நீதான் ஆட்டிட்டே."

கருகிய மர வாசனையோடு அந்தச் சொல்லும் சேர, பத்து வயதுக்குப் போய்விட்டேன். செங்கம் ரோட்டுப் பட்டறையில் அப்பா ரம்ப பிளேடின் சாய்வைச் சரிபார்க்காமலே வெட்டினார். மூலை சேராமல் போனதும், வேலை கொடுத்திருந்த லாட்ஜ் முதலாளி எதிரே பழியை அம்மா மேல் போட்டார். அம்மா இமையில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் பார்த்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மெஷின் நின்றதும், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த முக்கோண ஸ்கேலைச் சாய்ந்த பிளேடோடு ஒட்டி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"பிளேடு நாப்பத்தஞ்சு டிகிரியில இல்லண்ணே. தப்பு உங்களுது. அவங்ககிட்ட சொல்லுங்க."

"வுடுங்க மேடம், வேற வெட்டித் தரேன்."

மெஷின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"சொல்லிட்டு வெட்டுங்க."