சரக்கு எடுப்பீங்களா?

பிளாரன்ஸைப் பற்றிச் சொல்வதானால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் அந்த வாய்க்குப் பயப்படாத ஏலக்காரன் கிடையாது. முந்தாநாள் மீனை இன்றைய மீனென்று எவனாவது தள்ளிவிடப் பார்த்தானோ, செத்தான். அவனுடைய ஏழு தலைமுறையும் அங்கேயே சந்தி சிரிக்கும். அப்பேர்ப்பட்ட வாய்க்குள்ளே, இடது கன்னத்தில், கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு வெள்ளைத் தடிப்பு வந்தது. இருபது வருடமாக அவள் புகையிலை அடக்கிவைக்கிற இடம்.

ருசிக்காகப் பழகியதல்ல அந்தப் புகையிலை. புருஷன் ரோச் குடித்தே செத்தான். அவன் போன பிறகு அவள் அலுமினியச் சட்டியைத் தலையில் தூக்கினாள். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, முதல் பஸ் பிடித்து, ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் கோயில் தெருவை ஒதுக்கிவிட்டு மற்ற தெருவெல்லாம் கூவி விற்றுத் திரும்ப மூன்று மணியாகும். நடுவில் வயிறு கத்தினால் ஒரு துணுக்குப் புகையிலை. வயிறு சத்தம் போடாமல் கிடக்கும். ஆனால் குடி என்றால் அவளுக்குக் குமட்டும். பாட்டில் என்கிற சாமானே அவள் வீட்டுக்குள் வரக் கூடாது. நல்லெண்ணெய்கூடப் பாக்கெட்டில்தான் வாங்குவாள்.

அடுத்த தெருக்காரி ஒருத்திக்கு இதே மாதிரித் தடிப்பு வந்து, கன்னத்தில் ஓட்டை விழுந்து, கஞ்சி அதன் வழியே ஒழுகியதைப் பிளாரன்ஸ் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் தன் தடிப்பை யாரிடமும் சொல்லாமல், தினமும் நாக்கால் தடவித் தடவிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

தை மாதத்தில் பல்கலைக்கழகத்து வேன் வந்தது. 'கடலோரப் பெண்களின் உடல்நலமும் போதைப்பொருள் பயன்பாடும்' என்று அதில் ஆளுயர பேனர். தலைவர் பேராசிரியர் கிருபாநிதி, சட்டை மடிப்புக் கலையாத மனுஷன். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே மீன்காரிகளை ஆராய வந்த மகான். வேனைவிட்டு அவர் இறங்கவில்லை. கையில் டேப்லெட்டோடு நாலு பெண்பிள்ளைகளை இறக்கிவிட்டார். "மது அருந்துகிறீர்களான்னு கேட்டா உண்மை வராது. மக்கள் மொழியில கேக்கணும்," என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார். மக்கள் மொழி அவருக்கு எங்கிருந்து கிடைத்ததோ! சினிமாவில் எவனோ பேசியதைக் கேட்டிருப்பார் போல. சரக்கு என்றால் சாராயம். முடிந்தது அவர் ஆராய்ச்சி. இந்த ஊரில் கப்பலில் வருவதும் சரக்கு, ஏலத்தில் மீன்காரி எடுப்பதும் சரக்கு என்று அவருக்கு யார் சொல்வது? கேட்டால்தானே சொல்வதற்கு!

கூட வியாபாரம் பார்க்கும் விஜிலாதான் சேதி கொண்டுவந்தாள். "ஏளா, வாய்க்குள்ள பாக்க ஒரு பல் டாக்டரம்மாவும் வந்திருக்காவளாம்." அதைக் கேட்டதும் பிளாரன்ஸ் சட்டியை அங்கேயே இறக்கிவிட்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

டேப்லெட் பிள்ளை கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க சரக்கு எடுப்பீங்களா?"

"எடுக்காம? தெனமும் எடுப்பேன்."

பிள்ளையின் கண் விரிந்தது. "எப்போ எடுப்பீங்க?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் எடுத்திரணும். வெயில் ஏறிட்டுன்னா நல்லது கெடைக்காது."

"எவ்ளோ? ஆஃபா, ஃபுல்லா?"

"அரைப் பெட்டிதான். பெருநாளுன்னா முழுசா எடுப்பேன்."

"தனியாவா, சேர்ந்தா?"

"விஜிலாவும் நானும் பங்கு போட்டுக்கிடுவோம்."

"ஒருநாள் எடுக்கலேன்னா எப்படி இருக்கும்?"

"கை ஓடாது, கால் ஓடாது தாயி."

பிள்ளை உச்சுக்கொட்டிக்கொண்டே, குடி என்ற கட்டத்தில் டிக் டிக்கென்று தட்டினாள். பிளாரன்ஸ் குரலைத் தாழ்த்தி, "பிள்ள, வாய்க்குள்ள பொகையில அடக்குத எடத்துல ஒண்ணு இருக்கு. டாக்டரம்மாட்ட காட்டணும்," என்றாள்.

"உங்க குரூப் வேற ஆன்ட்டி. எது முதல்ல டிக் ஆகுதோ அதுதான் குரூப். வாய் செக்கப் புகையிலை குரூப்புக்கு மட்டும். உங்கள மறுபடி கூப்பிடுவாங்க, கண்டிப்பா வந்துடுங்க."

கூப்பிடுவார்கள் என்று அவள் நம்பினாள். ஏலக்காரன் எவனையும் நம்பாதவள், படித்த பிள்ளையின் வாயை நம்பினாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமா என்று விஜிலா கேட்டதற்கும், "அதான் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்காவள்லா," என்றாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. தடிப்பு புண்ணாயிற்று.

சித்திரையில்தான் கூப்பிட்டார்கள். பிளாரன்ஸ் அன்று புகையிலை தொடாமல், உப்புத் தண்ணீரில் நாலு தடவை வாய் கொப்பளித்து, மாதா கோயில் மண்டபத்துக்குப் போனாள். உள்ளே முப்பது மீன்காரிகள். மூலையில் பல் டாக்டர் பெண் விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். கிருபாநிதி திரையில் ஒரு படத்தைப் போட்டு, உருகிப்போன குரலில் ஆரம்பித்தார்: "சகோதரிகளே, வெட்கப்பட வேண்டாம். இது ஒரு நோய்தான். இங்கே மீன் விற்கிற பெண்கள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு பேர் தினமும் விடியக்காலையிலேயே குடிக்கிறீங்க. அதிலிருந்து உங்களை மீட்கத்தான் இந்த வகுப்பு."

பிளாரன்ஸ் எழுந்தாள்.

"என்னது? யாரு குடிக்கா?"

"நீங்களே சொன்னதும்மா. சரக்கு எடுக்கிறதா..."

"ஏய்யா, மீனய்யா! சரக்குன்னா மீனு! ஏலத்துல எடுக்கதைக் கேக்கியன்னு நெனச்சுச் சொன்னேன். குடிச்சே செத்தவனுக்கு வாக்கப்பட்டு, சாராய வாடைக்கே வாந்தியெடுக்கவளப் போயி குடிகாரின்னு எழுதினியளே, வெளங்குவியளா? நீரெல்லாம் என்னத்தப் படிச்சீரு?"

விஜிலாதான் முதலில் சிரித்தாள். பிறகு முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அரைப் பெட்டி சாளை மீன அடிச்சா போத ஏறுமா சாரே?" என்று ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள். கிருபாநிதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தப்பு என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளையிடம், "டேட்டா லாக் ஆயிடுச்சே, இனி மாத்த முடியாதே! அடுத்த மாசம் சிங்கப்பூர்ல பேப்பர் வாசிக்கணுமே!" என்றார். முப்பது பெண்களின் மானத்தைவிட அவருக்கு அந்தச் சிங்கப்பூர் டிக்கெட் பெரிதாகப் போய்விட்டது, தூ!

பிளாரன்ஸ் அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, நேராக மூலைக்குப் போய் டாக்டர் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த டேப்லெட் பிள்ளை, "ஆன்ட்டி, நீங்க இந்த குரூப்..." என்று ஆரம்பித்தது. பிளாரன்ஸ் அந்தப் பக்கம் திரும்பாமலே வாயை அகலத் திறந்தாள்.

டாக்டர் பெண் விளக்கை அடித்துப் பார்த்தாள். கையுறை போட்ட விரலால் மெல்லத் தொட்டாள். பிறகு கழுத்தின் இடது பக்கத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. சிரித்துக்கொண்டிருந்த விஜிலா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"நீங்க முன்ன வந்தப்ப மிளகு அளவு. இப்ப புளியங்கொட்டை."

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, நானும் கூட வர்றேன். கழுத்துலயும் கட்டி தட்டுப்படுது." டாக்டர் பெண் விளக்கை அணைத்தாள். "அப்பவே காட்டியிருந்தா சின்னதா வெட்டி எடுத்திருக்கலாமேம்மா. ஏன் காட்டலை?"

பிளாரன்ஸ் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மண்டபத்தின் அந்தப் பக்கம் கிருபாநிதி குனிந்து திரையின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"காட்டத்தான் தாயி மொத ஆளா வந்தேன்," என்றாள் பிளாரன்ஸ். "குடிகாரிக்கு வாயி கெடையாதுன்னுட்டாவ."